புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்: ஸ்டாரில் தொடங்குங்கள்

கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிவந்த வருடம். டிசம்பர் பிறந்ததும் அம்மா தூத்துக்குடியிலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார் போட்டாச்சா?" மரம் வாங்கினாயா என்று கேட்கவில்லை. கேக்குக்குச் சொன்னாயா என்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வாசலில் ஸ்டார் ஏறினால்தான் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வந்ததாகக் கணக்கு.

புது இடத்தில் அந்த ஸ்டாருக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது அந்த வருடம்தான் புரிந்தது. எங்கள் பங்குக் கோவிலிலிருந்து, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வந்த இரவு, எங்கள் வீட்டு எண் வந்தவர்களில் யாருக்கும் தெரியாது. "மூணாவது மாடியில ஸ்டார் எரியுது பாருங்க, அந்த வீடுதான்" என்று கீழே யாரோ சொல்வது காதில் விழுந்தது. குடிவந்து நான்கு மாதம் ஆகியும் தெருவில் நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை. அந்த இரவு ஸ்டார் எங்களை அறிமுகம் செய்துவைத்தது.

அதனால், புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் வருடமே எல்லாவற்றையும் வாங்காதீர்கள். வெளியே ஒரு நல்ல ஸ்டார், உள்ளே ஒரு நல்ல குடில், அதாவது இயேசு பிறந்த கொட்டகையின் சிறிய உருவம். இந்த இரண்டையும் வருகிறவர்களை மனதில் வைத்து ஒழுங்காகச் செய்யுங்கள். மற்றதெல்லாம் வருடத்துக்கு ஒன்றாகச் சேரும்.

நவம்பர் கடைசியில் ஒரு சுற்று

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்கு முந்தின வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம். முதல் நாள் கடைக்குப் போக வேண்டாம். இரவு 7 மணிக்குக் கீழே இறங்கித் தெருவில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எந்த இடம் கண்ணில் படுகிறது? பால்கனியின் வலது மூலையா, ஜன்னலா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரா? வேப்பமரமோ பக்கத்து வீட்டுப் போர்டோ எதை மறைக்கிறது? ஸ்டார் தொங்க வேண்டிய இடத்தைத் தெருவில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் நின்று முடிவு செய்தால், நமக்கு மட்டும் தெரிகிற இடத்தில் போய் மாட்டுவோம்.

பிறகு உள்ளே வந்து, ஏற்கெனவே இருக்கிற கொக்கிகளையும் ஆணிகளையும் பிளக் பாயிண்டுகளையும் பார்த்து வையுங்கள். கொக்கியிலிருந்து பிளக் வரை எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டால் வயர் வாங்கும்போது குழப்பம் இருக்காது. வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் போடப்போகிறோம் என்று சொன்னால் மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அடுக்குமாடி என்றால் பொது வராண்டாவில் எதையும் கட்டும் முன் அசோசியேஷனிடமும் கேளுங்கள்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வேண்டாம். கழற்றும்போது பெயிண்டையும் பட்டியையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் குழாய், கதவு நிலை மூன்றையும் வைத்தே ஹாலில் தேவையான அத்தனையையும் கட்டிவிடலாம்.

ஸ்டார்: வாங்குவதா, செய்வதா?

டிசம்பரில் பாரிமுனைக்குப் போனால் மடித்து வைத்த காகித ஸ்டார், பிளாஸ்டிக் ஸ்டார், எல்.இ.டி. ஸ்டார் என்று கடை வாசலெல்லாம் தொங்கும். நேரமில்லாதவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தமிழ்நாட்டுக் கரையோரத்தில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த பால்கனிக்குக் காகித ஸ்டார் ஒரு மழைக்குத் தாங்காது. மேலே கூரை இருக்கிற இடம் என்றால் காகிதம், இல்லையென்றால் பிளாஸ்டிக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடிந்தால் நீங்களே செய்யுங்கள். மூங்கில் ஸ்டார் செய்வது கடினமில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

2 அடி நீளத்தில் 10 மூங்கில் தப்பைகள் வேண்டும், விரல் அகலத்தில் பாதி இருந்தால் போதும். கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் சீவித் தருவார்கள். ஒவ்வொரு தப்பையிலும் இரு முனைகளிலிருந்தும் 9 அங்குலத்துக்குச் சற்று மேலே பென்சிலால் கோடு போடுங்கள். ஐந்து தப்பைகளை, கையை எடுக்காமல் வரைகிற ஐந்து முனை நட்சத்திரம் போலப் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாகப் பின்னுங்கள். நீங்கள் போட்ட கோடுகளில்தான் தப்பைகள் ஒன்றையொன்று கடக்க வேண்டும். அப்படிக் கடந்தால் ஐந்து கால்களும் ஒரே அளவில் வந்துவிட்டன என்று அர்த்தம். முனைகளை நூலால் இறுகக் கட்டுங்கள். இதே போல் இன்னொன்று.

இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் தப்பைகள் கடக்கிற ஐந்து இடங்களிலும், 5 அங்குலக் குச்சி ஒன்றை இரண்டுக்கும் இடையில் முட்டுக்கொடுத்து நிறுத்திக் கட்டுங்கள். தட்டையாக இருந்தது உப்பி, ஸ்டார் வயிறு பெருத்து நிற்கும். அந்த நிமிடம் குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே.

காகிதம் ஒட்ட மைதா பசையே நல்லது. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, ஆறிய பின் பயன்படுத்துங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது விஷம் என்பதால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சேர்க்காதீர்கள். மழைச்சாரல் படுகிற இடம் என்றால் காகிதத்துக்குப் பதில் கண்ணாடிப் பேப்பரை ஒட்டுங்கள். பின்பக்கத்தில் ஒரு காலை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், பல்பை உள்ளே இறக்க வழி வேண்டும். கீழ்க் கால்கள் இரண்டிலும் காகிதக் குஞ்சம் வைத்தால் காற்றில் ஆடுவது அழகாக இருக்கும்.

எங்கள் முதல் ஸ்டாருக்குள் நான் பழைய 60 வாட் குண்டு பல்பைப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் பல்புக்கு நேரே காகிதம் பழுப்பேறி நொறுங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும். 5 முதல் 9 வாட் வரையுள்ள எல்.இ.டி. பல்பு போதும். மஞ்சள் வெளிச்சம் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை வெளிச்சத்தில் சிவப்புக் காகிதம்கூட வெளிறித் தெரியும்.

மழையும் மின்சாரமும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஸ்டாரின் பாரத்தைக் கயிறு தாங்க வேண்டும், வயர் தாங்கக்கூடாது. நைலான் கயிற்றில் ஸ்டாரைக் கட்டி, வயரைக் கயிற்றோடு தளர்வாகச் சுற்றிவிடுங்கள். கயிற்றைக் கொக்கி வழியாக விட்டு மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினால், புயல் எச்சரிக்கை வருகிற நாளில் சட்டென்று கீழே இறக்கிவிடலாம். சென்னையில் டிசம்பரில் அப்படியொரு நாள் வருவது அபூர்வமில்லை.

மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே ஓடும். அது ஹோல்டருக்குள் போகாமலிருக்க ஒரு எளிய வழி: 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, அதன் வாய் வழியாக வயரைக் கோத்து, ஹோல்டருக்கு மேலே குடைபோல நிறுத்தி, வாயை இன்சுலேஷன் டேப்பால் அடைத்துவிடுங்கள். பிளக் பக்கமும் அப்படித்தான். வயர் நேராக பிளக்குக்குள் இறங்கக்கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏறிப் போக வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

சீரியல் லைட் பற்றி: வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தரையில் விரித்து ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். சூடாகும் இடம், டேப் ஒட்டிய இடம், செம்பு தெரிகிற இடம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய வகையில் ஒரே மின்சாரம் எல்லா பல்பு வழியாகவும் வரிசையாக ஓடும். அதனால்தான் ஒன்று போனால் எல்லாம் போகும். புது எல்.இ.டி. வகையில் பெரும்பாலும் ஒரு பகுதி மட்டும் அணையும். எதுவானாலும் பிளக்கைப் பிடுங்காமல் பல்பைத் தொடாதீர்கள்.

இரும்பு கிரில்லில் சீரியல் லைட்டை நேரடியாகச் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஒரு இடத்தில் வயர் தோல் உரிந்து, கிரில்லும் நனைந்திருந்தால், கிரில் முழுக்க மின்சாரம் பாயும். துணி காயப்போட அதைத்தான் எல்லோரும் தொடுவார்கள். வெளியே போடுவதாக இருந்தால் கிரில்லுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி அதில் போடுங்கள். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் உடனே மின்சாரம் அறுபட வேண்டும். அறுபடவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை வெளி அலங்காரம் எதுவும் வேண்டாம். தூங்கப் போகும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஸ்டார் உட்பட.

திருவருகை வளையம்

இது சின்ன வேலை, அழகான வேலை. ஒரு தாம்பாளம், சுற்றிப் பச்சை இலை, நான்கு மெழுகுவர்த்தி. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றிச் செபம் சொல்வார்கள். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு, அது மகிழ்ச்சி ஞாயிறு. சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தால் தினமும் கண்ணில் படும். இலை காய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

குடில்

1223-இல் அசிசி புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் ஒரு குகையில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். குடில் என்ற வழக்கம் பரவியது அதிலிருந்துதான். நான் குடில் வைக்கத் தொடங்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் அங்கே முதலில் வந்தது பொம்மையல்ல, வைக்கோல். வைக்கோல் வாசம் இல்லாத குடில் எனக்குக் குடிலாகவே தோன்றாது.

எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் குடில் வைப்பதில்லை. சுரூபம், அதாவது உருவச்சிலை, வைக்காத சபைகளைச் சேர்ந்தவர்கள் இதே மூலையில் வேத வசனத்தை அழகாக எழுதி, விளக்கும் பூவும் வைக்கலாம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது, கேரல் குழுவிலிருந்து பத்துப் பேர் வந்து நின்று பாடவும் செபிக்கவும் முன்னால் இடம் இருக்குமா என்று பாருங்கள். டிவிக்கு அடியில் வேண்டாம். கண் டிவிக்குத்தான் போகும். வாசல் கதவைத் திறந்ததும் தெரிகிற மூலை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. உயரம் 2 அடி இருந்தால் குழந்தைகளுக்குக் கண்மட்டத்தில் இருக்கும், பெரியவர்கள் குனிந்து பார்ப்பார்கள். குனிவதும் நல்லதுதான்.

முளை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு நாள் வேண்டும். குடிலைச் சுற்றிப் பச்சைப் புல் வேண்டுமென்றால் டிசம்பர் 13 வாக்கில் விதைத்துவிட வேண்டும். கேழ்வரகு நல்லது, நெருக்கமாக, மென்மையாக, இரண்டு அங்குலத்தை ஒட்டி நிற்கும். கோதுமை சீக்கிரம் உயரமாகிவிடும், அதைப் பின்வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு ஊற வைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சிகளில் ஒரு அங்குல மண்ணோ தென்னை நார்க் கழிவோ பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். இரண்டு நாள் நிழல், பிறகு ஜன்னலோரம். தண்ணீரைக் கையால் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். நான்காம் நாள் வேரடியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாவிட்டால் பூஞ்சணம், அந்தச் சிரட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சுரூபங்கள். முதல் வருடம் முழு செட் வேண்டும் என்பதில்லை. மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு மூவர் போதும். பெரிய கோவில்களை ஒட்டிய கடைகளில் கிடைக்கும், சென்னையில் சாந்தோம் பக்கம் பாருங்கள். பிளாஸ்டர் பொம்மை பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கழுத்திலும் விரலிலும் உடையும். காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, தவறி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அதுதான் சரி. எதை வாங்கினாலும் மாதாவின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் சரியாக வரைந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். வருடக்கணக்கில் பார்க்கப்போகிற முகம் அது. அடுத்தடுத்த வருடம் சேர்க்கும்போது அளவு ஒத்துப்போக வேண்டும் என்பதால் உங்கள் செட் எத்தனை அங்குலம் என்று குறித்து வையுங்கள். மாட்டைவிட ஆடு பெரிதாக இருக்கிற குடில்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டுமானம். 6 அங்குலச் சுரூபங்களுக்கு 3 அடிக்கு 2 அடி இடம் தாராளம். கொட்டகையின் உயரம் சுரூபத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 9 அங்குலம். அட்டைப்பெட்டியை வெட்டி நிறுத்தி, உள்ளும் புறமும் காப்பி டிகாக்ஷன் பூசுங்கள், மரப்பலகை நிறம் வரும். கூரைக்கு வைக்கோல் அல்லது பழைய கோரைப்பாய்த் துண்டு. மாடு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால் ஒரு கை வைக்கோல் கொடுப்பார்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து உதறிய பின்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், பூச்சி இருக்கும். மலைக்குக் காக்கித் தாளைக் கசக்கிப் பிரித்து, மறுபடி கசக்கி, பின்னால் உயரமாகவும் முன்னால் தாழ்வாகவும் நிறுத்துங்கள். அடியில் பழைய டப்பாக்கள் முட்டுக்கொடுக்கும். பாதைக்கு ஆற்று மணல் அல்லது செங்கல் தூள். முளைத்த சிரட்டைகளை மணலில் புதைத்துவிட்டால் புல்வெளி தயார்.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு சிறிய மஞ்சள் பல்பைக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். விட்டுவிட்டு எரிகிற கலர் லைட்டைக் குடிலுக்குள் போடாதீர்கள். சுரூபங்களின் முகம் நிமிடத்துக்கு ஒரு நிறமாக மாறினால் யாரும் அமைதியாக நின்று பார்க்க முடியாது. குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வைக்கோலும் அட்டையும் இருக்கிற இடம் அது.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் சுரூபங்கள் இருந்தால் அவர்களை முதலிலேயே கொட்டகைக்குள் நிறுத்திவிடாதீர்கள். ஹாலின் மறு கோடியில், புத்தக அலமாரியில், தூரத்தில் வையுங்கள். பிள்ளைகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வரட்டும். ஜனவரி 6-ஐ ஒட்டிய ஞாயிறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவர்கள் வந்து சேர்ந்தால் போதும்.

மரம், தோரணம்

முன்பெல்லாம் ஊரில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். ஈர மணல் நிறைத்த வாளியில் நட்டு, வாளியைக் கலர் பேப்பரால் சுற்றி, மேலே பஞ்சு வைப்போம். இப்போதும் கிடைத்தால் அதுவே எனக்குப் பிடிக்கும். சவுக்கு சீக்கிரம் காய்ந்து உதிரும் என்பதால் 22-ஆம் தேதிக்கு முன் வெட்ட வேண்டாம், பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவும் வேண்டாம். பிளாஸ்டிக் மரம் என்றால் 3 அடி போதும். நடுக்கம்பில் இருந்து ஒவ்வொரு கிளையையும் பிரித்து விரித்தால் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும்.

ஜரிகைத் தோரணத்தை ஹாலில் குறுக்கே கட்டும்போது ஃபேன் இறக்கையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளிக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.

24-ஆம் தேதி

கேரல் உங்கள் தெருவுக்கு எந்த நாள் வருகிறது என்று பங்கிலோ, பங்கின் சிறு வட்டாரக் குழுவான அன்பியத்திலோ முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பீர்கள். அது 24-க்கு முன்பே முடிந்திருக்கும். அன்றைய வேலை வாசலும் குடிலில் இருக்கிற தீவனத் தொட்டியும்தான்.

சாயங்காலம் வாசல் கழுவி, ஸ்டார் கோலம் போட்டு, கலர்ப்பொடி நிரப்புங்கள். மழை மேகம் தெரிந்தால் கூரைக்கு உள்ளே தள்ளிப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டால் கலர் போட ஓடி வருவார்கள். அவர்கள் வீட்டுக்கு மறுநாள் கேக்கும் முறுக்கும் தட்டில் போகும்போது நீங்கள் புதுக் குடித்தனம் இல்லை.

குடிலில் தொட்டி அதுவரை காலியாகத்தான் இருக்க வேண்டும். குழந்தை இயேசுவை ஒரு துணியில் சுற்றி பீரோவில் வைத்திருங்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும், வீட்டில் இளையவர் கையால் வைக்கோலில் கிடத்துங்கள். எங்கள் வீட்டில் முதல் வருடம் நாங்கள் இருவர்தான். அவர் என்னைவிட எட்டு மாதம் சின்னவர் என்பதால் அவர்தான் வைத்தார்.

கழற்றி வைப்பது

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றலாம். மழை இல்லாத, வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். சுரூபங்களை ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, கழுத்துப் பக்கம் பஞ்சு வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். சீரியல் லைட்டை அட்டையில் சுற்றினால் அடுத்த வருடம் சிக்கு எடுக்க வேண்டாம். முளைப்புல்லையும் வைக்கோலையும் மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மூங்கில் ஸ்டாரில் காகிதத்தை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, கூட்டைப் பரண்மேல் பத்திரப்படுத்துங்கள்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: சுரூபம் 6 அங்குலம், ஸ்டார் கயிறு இத்தனை அடி, வயர் இத்தனை அடி, அடுத்த வருடம் வாங்க வேண்டியது. எங்கள் முதல் சீட்டில் "இடையர் 1, ஆட்டுக்குட்டி 2" என்று எழுதியிருந்தோம்.